400 அடிச் சுருளில் ருமேனியா

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் ருமேனியத் திரைப்படங்கள் பற்றி வெளிவந்த முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். அவ்வளவு தொலைவிலுள்ள ஒரு நாட்டின் சினிமாவுக்குத் தமிழ் நாளேடு ஒன்று ஒரு பக்கம் ஒதுக்கியதே மகிழ்ச்சிக்குரியது. எழுதியவரின் உழைப்பும் வரிக்கு வரி தெரிகிறது. ஆனாலும் அதில் ஒரு வாக்கியத்தை என்னால் கடந்துபோக முடியவில்லை. உலகம் திரும்பிப் பார்க்கும்படியான சினிமா அந்நாட்டில் 2005-ஐ ஒட்டித்தான் பிறந்தது என்றும், அதற்கு முன்னும் பின்னும் அங்கே எடுக்கப்பட்ட குறும்படங்களும் செய்திப்படங்களும் இயக்குநர்கள் கைபழகிக்கொண்ட களம் மட்டுமே என்றும் கட்டுரை கூறுகிறது. இதை மறுத்து எழுதவே இக்கடிதம்.

நான் சினிமாவை ஏட்டில் படித்தவன் அல்லன். சேலத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் 16 மி.மீ. புரொஜெக்டர் இயக்குபவனாக 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஜீப்பில் புரொஜெக்டர், ஜெனரேட்டர், ஒலிபெருக்கி, திரைத்துணி, படப்பெட்டிகள் ஆகியவற்றை ஏற்றிக்கொண்டு, ஏற்காடு மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி, நாகலூர், வெள்ளக்கடை, செம்மநத்தம் என்று ஊர் ஊராகச் சென்று, அம்மை, மலேரியா, குடும்பநலம், சிறுசேமிப்பு பற்றிய அரசுப் படங்களைக் காட்டுவது என் பணி. விடுமுறை நாள்களில் சேலத்தில் அப்போது இயங்கிய ஒரு திரைப்படச் சங்கத்துக்கும் நானே புரொஜெக்டர் இயக்கினேன். என் வாழ்நாளில் நான் திரையிட்ட படங்களில் பெரும்பாலானவை பத்து நிமிடம், இருபது நிமிடம் ஓடியவை. எனவே அவற்றைப் பற்றிப் பேச எனக்குச் சிறிது உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

1980-களின் தொடக்கத்தில், சங்கத்துக்காகச் சென்னையிலிருந்து ரயில் பார்சலில் வந்த தகரப் பெட்டி ஒன்றில், பெரிய படத்தின் சுருள்களோடு 400 அடிச் சுருள் ஒன்று தனியாக இருந்தது. 16 மி.மீ. படத்தில் நிமிடத்துக்கு 36 அடி ஓடும். 400 அடி என்றால் ஏறத்தாழ 11 நிமிடம். ‘சிறு வரலாறு’ என்று பொருள்படும் பெயரைக் கொண்ட அந்த ருமேனிய கார்ட்டூன் படத்தை எடுத்தவர் இயோன் பொப்பெஸ்கு கோபோ. ஞாயிறு காலை சேலத்தில் காட்டி முடித்த கையோடு, அன்றிரவு நாகலூரில் எனக்கு அலுவலக முகாம் இருந்ததால், சங்கச் செயலாளரிடம் அனுமதி கேட்டு அந்தச் சுருளை மலைக்கு எடுத்துச் சென்றேன். இரண்டு சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே திரைத்துணியைக் கட்டியிருந்தோம். பனி இறங்கிக்கொண்டிருந்தது, புரொஜெக்டரின் வெளிச்சத்துக்குள் அது சாம்பிராணிப் புகைபோலச் சுருண்டு சுருண்டு போயிற்று. மலேரியா படம் முடிந்ததும் இதை ஏற்றினேன்.

படத்தில் ஒரு சொல் பேச்சு இல்லை. உலகம் உண்டானது முதல் மனிதன் விண்வெளிக்குப் புறப்படுவது வரையிலான கதை முழுவதும் பத்து நிமிடத்தில் ஓடி முடிகிறது. அதில் வரும் மனிதன் உடுக்க ஒரு துணியும் இல்லாத சின்ன உருவம். முட்டை போன்ற தலை, குச்சிக் கைகால்கள், கையில் ஒரு பூ. காப்பித் தோட்டத்தில் பழம் பறிக்கும் ஒரு மூதாட்டி முன்வரிசையிலிருந்து திரும்பி, “கோமணங்கூட இல்லாம நிக்கிறானே, யாரு சாமி இந்தப் பையன்?” என்று என்னைக் கேட்டார். “மனுசந்தான் ஆயா” என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, “அப்ப நம்ம ஊட்டுப் பையந்தான்” என்றார். ஊரார் மறுபடி போடச் சொன்னார்கள், போட்டேன். ஜெனரேட்டரில் பெட்ரோல் தீரும் மட்டும் நான்கு முறை ஓட்டினேன். அந்த ஊரில் அன்று கூடியிருந்தவர்களில் ருமேனியா என்ற பெயரைக் கேட்டிருந்தவர் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்.

அந்தப் படம் 1957-ஆம் ஆண்டு கான் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான தங்கப்பனை விருதைப் பெற்றது என்பதை நான் பிற்பாடுதான் அறிந்தேன். அதே ஆண்டு அக்டோபரில்தான் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை விண்ணில் செலுத்தியது. கோபோவின் சிறு மனிதன் அதற்கு முன்னரே பூவோடு கிளம்பிவிட்டான். டிஸ்னி நிறுவனத்தின் தொழில்திறத்தோடும் பணபலத்தோடும் போட்டியிட்டு வெல்ல முடியாது என்பதைக் கண்டுகொண்ட கோபோ, பளபளப்பையும் வண்ண நுணுக்கத்தையும் வேண்டுமென்றே கைவிட்டு, எவ்வளவு எளிமையாக வரைய முடியுமோ அவ்வளவு எளிமையாக வரைந்து, கருத்தின் பலத்தை மட்டும் நம்பிப் படம் எடுத்தார். இந்த இடத்தில் நம் நாட்டு வரலாறும் நினைவுக்கு வருகிறது. ஏறத்தாழ அதே வேளையில், 1956-இல், டிஸ்னி நிறுவனத்தில் பணியாற்றிய கிளேர் வீக்ஸ் என்பவர் பம்பாய்க்கு வந்து, மத்திய அரசின் படத் தயாரிப்புப் பிரிவான பிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவினருக்குப் பயிற்சி அளித்தார். அதன் பயனாக 1957-இல் ஜாதகக் கதை ஒன்று படமாயிற்று. அந்தப் பயிற்சியை நான் குறைகூறவில்லை. நாம் டிஸ்னியிடம் கற்றுக்கொள்ள அமர்ந்தோம், கோபோ டிஸ்னியை விட்டு விலகித் தன் வழியில் நடந்தார் என்ற வேறுபாட்டை மட்டும் குறிப்பிட விரும்புகிறேன். ஏழு கலைகளைப் பற்றி 1958-இலும், மனித இனத்தைப் பற்றி 1960-இலும், தகவல் தொடர்பைப் பற்றி 1963-இலும் அதே சிறு மனிதனை வைத்து அவர் மேலும் படங்கள் எடுத்தார். 2007 முதல் ருமேனியாவில் ஆண்டுதோறும் வழங்கப்படும் திரைப்பட விருதுகளுக்கு அவர் பெயர்தான். முழுநீளப் படத்துக்குப் பரிசு பெறுகிறவர் கையிலும் அந்தச் சிறு மனிதனின் உருவமே சிலையாக இருக்கிறது. ஒரு நாடு தன் சினிமாவின் அடையாளமாகப் பத்து நிமிடக் கார்ட்டூன் பாத்திரம் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருக்கிறது என்பதைக் கட்டுரையாளர் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன்.

கோபோவுக்குப் பின் அங்கே அனிமேஷன் ஒரு தனி மனிதரின் கலையாக நின்றுவிடவில்லை. 1964-இல் தலைநகர் புக்கரெஸ்டில் அனிமாபிலிம் என்ற ஸ்டுடியோ இதற்கென்றே தொடங்கப்பட்டது. நெல் கோபார் உருவாக்கிய ‘மிகேலா’ என்னும் சிறுமி தொலைக்காட்சியில் ஒரு தலைமுறைக் குழந்தைகளோடு வளர்ந்தாள். யாசி நகரப் பல்கலைக்கழகத்தின் சுவரோவியங்களுக்காக அறியப்பட்ட சபின் பலாஷா, தம் ஓவியங்களையே அசைய வைத்துக் குறும்படங்கள் எடுத்தார். 1984-இல் முழுநீள விண்வெளிக் கார்ட்டூன் ஒன்றும் அங்கிருந்து வந்தது. ஆனால் என் கருத்தில் அந்த ஸ்டுடியோவின் உயிர் சிறு படங்களில்தான் இருந்தது.

இனிக் கோபோவுக்கும் முன்னால் செல்வோம். 1896 மே மாதத்திலேயே புக்கரெஸ்டில், ஒரு நாளிதழின் கட்டடத்தில், லூமியேர் சகோதரர்களின் படங்கள் திரையிடப்பட்டன. (நாளிதழ் ஆசிரியரான தங்களுக்கு இச்செய்தி மகிழ்ச்சி தரும் என்று நம்புகிறேன்.) அடுத்த ஆண்டே பால் மெனு என்ற புகைப்படக்காரர் அந்நகரத்தின் அணிவகுப்பைப் படம் பிடித்தார். அதற்கும் அடுத்த ஆண்டு, அதாவது 1898-இல், கியோர்கே மரினெஸ்கு என்ற நரம்பியல் மருத்துவர் பந்தெலிமோன் மருத்துவமனையில் பக்கவாத நோயாளிகள் நடப்பதைப் படமாக்கினார். மருத்துவ அறிவியலுக்காக எடுக்கப்பட்ட உலகின் முதல் படங்களுள் அவை வைத்து எண்ணப்படுகின்றன. 1901 வரை அவர் இப்பணியைத் தொடர்ந்தார். ஒரு மனிதன் திரையின் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நடக்கிறான்; ஒரு காலை இழுத்து இழுத்து வைக்கிறான்; திரும்பி வருகிறான். அவ்வளவுதான் படம். ஆனால் மருத்துவர் அதைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, எந்தத் தசை எந்த நொடியில் சோர்கிறது என்று வரைந்து பார்த்தார். கண் தவறவிடுவதைக் காமிரா பிடித்துவைக்கும் என்பதை, சினிமா கொட்டகைக்கு வருமுன்னரே ஒரு மருத்துவர் கண்டுகொண்டார். இது எந்த முழுநீளப் படத்துக்கான பயிற்சி?

1929-இல் திமித்ரியே குஸ்தி என்ற சமூகவியல் பேராசிரியர் தம் மாணவர் குழுவோடு திரான்சில்வேனியாவிலுள்ள திரகுஷ் என்ற கிராமத்துக்குச் சென்று தங்கி, அங்கு மக்கள் உழுவதையும் நூற்பதையும் உண்பதையும் வழிபடுவதையும் ஏட்டில் மட்டுமன்றிப் படச்சுருளிலும் பதிவு செய்தார். 1930-களின் இறுதியில் பால் கலினெஸ்கு, மேற்கு மலைப் பகுதியில் வாழும் மோத்சி மக்களின் மரவேலையையும் வறுமையையும் பற்றி எடுத்த ஆவணப்படம் வெனிஸ் விழாவில் பரிசு பெற்றது. மலையில் மரம் அறுத்து, அதில் தொட்டியும் வாளியும் செய்து, குதிரை வண்டியில் ஏற்றிச் சமவெளிக்குக் கொண்டுபோய் விற்கும் மக்கள் அவர்கள். அதைப் படிக்கும்போதெல்லாம், சேர்வராயன் மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் கடுக்காயும் பலாவும் தேனும் சுமந்து ஒற்றையடிப் பாதையில் அடிவாரத்துக்கு இறங்கி வந்த காட்சி எனக்குக் கண்முன் வரும். அந்தப் பாதைகளில் நான் பெட்டி சுமந்து அவர்களோடு நடந்திருக்கிறேன். அவர்களுக்குப் படம் காட்டினோம். அவர்களின் வாழ்வையும் உழைப்பையும் படம் எடுக்கவில்லை.

கட்டுரையாளரோடு நான் ஒத்துப்போகும் இடமும் ஒன்று உண்டு. 1950-இல் தொடங்கப்பட்ட ‘அலெக்சாந்த்ரு சாஹியா’ ஆவணப்பட ஸ்டுடியோ, ஆளும் கம்யூனிஸ்ட் கட்சியின் குரலாக இருந்தது என்று அவர் எழுதியிருப்பது உண்மை. செய்திப்படங்களும் விவசாயப் படங்களும் தொழிற்சாலைப் படங்களும் அங்கே ஆண்டுக்கணக்கில் எடுக்கப்பட்டுக் கொட்டகைகளில் காட்டப்பட்டன. நம் ஊர்க் கொட்டகைகளில் பெரிய படத்துக்கு முன்னால் பிலிம்ஸ் டிவிஷன் படம் ஓடியதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. அரசுப் படத்தின் கொடுமை எந்த அளவுக்குச் செல்ல முடியும் என்பதற்கும் அந்த ஸ்டுடியோவே சாட்சி. 1959-இல் புக்கரெஸ்டில் வங்கிப் பணம் ஏற்றிவந்த வண்டி கொள்ளையடிக்கப்பட்டது. கைதானவர்களையே காமிராவுக்கு முன் நிறுத்தி, அவர்கள் செய்ததாகச் சொல்லப்பட்ட கொள்ளையை அவர்களையே நடிக்கவைத்து, விர்ஜில் கலொடெஸ்கு இயக்கத்தில் 1960-இல் படமாக்கினார்கள். அவ்வாறு நடித்த ஆண்களுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. இந்தப் படத்தையே சான்றாக எடுத்துக்கொண்டு, அலெக்சாந்த்ரு சொலொமோன் 2004-இல் மற்றோர் ஆவணப்படம் எடுத்து, பொய்யாகச் செய்யப்பட்ட பதிவிலிருந்தே உண்மையைத் துருவிப் பார்த்தார். சுருள் அழிக்கப்படாமல் இருந்ததால்தான் அது முடிந்தது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். இது என் தொழிலோடு ஒட்டியது. நான் வேலையில் சேர்ந்த காலத்தில் ‘நாமிருவர் நமக்கிருவர்’ என்பதை மலைக்கிராமங்களில் திரும்பத் திரும்பக் காட்டினோம். படம் முடிந்ததும் அலுவலர் ஒருவர் ஒலிபெருக்கியில் பேசுவார். பெண்கள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு தலைகுனிந்து அமர்ந்திருப்பார்கள். அதே ஆண்டுகளில் ருமேனியாவில் 1966-ஆம் ஆண்டின் 770-ஆம் எண் ஆணையின்படி, சில விதிவிலக்குகள் நீங்கலாக, கருக்கலைப்பு தடை செய்யப்பட்டிருந்தது. பிள்ளை பெறுவது நாட்டுக் கடமை என்று அங்கே அரசு சொல்லிக்கொண்டிருந்தது. ஓர் அரசு பெறு என்றது, மற்றோர் அரசு பெறாதே என்றது. இரண்டிலும் முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்தவர்கள் பெண்களே. புளோரின் இயேபான் 2005-இல் அந்த ஆணையைப் பற்றியும் அதன் விளைவாகப் பிறந்த தலைமுறையைப் பற்றியும் ஆவணப்படம் எடுத்தார். தங்கள் கட்டுரை விரிவாகப் பேசும், 2007-இல் கான் விழாவில் தங்கப்பனை வென்ற முழுநீளப் படத்தின் கதையும் அதே ஆணையின் நிழலில் நடப்பதே. ஆவணப்படம் முன்னால் வந்தது என்பதை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன்.

கட்சிக் கட்டுப்பாட்டுக்குள்ளும் கலை உயிர்த்திருந்தது. 1969-இல் கான் விழாவின் குறும்படத் தங்கப்பனை மீண்டும் ருமேனியாவுக்குச் சென்றது. மிரெல் இலியேஷியு, மாட்ரிகல் என்ற பாடகர் குழு மறுமலர்ச்சிக் காலப் பாடல்களைப் பாடுவதை எடுத்த படம் அது. 1970 மே மாதத்தில் ருமேனியாவின் ஆறுகள் கரை உடைத்து ஊர்களை அழித்தபோது, தான் பித்ஸா, மிர்ச்சா வெரோயு முதலிய இளைஞர் பலர் சேர்ந்து அந்த வெள்ளத்தின் ஊடாகவே படம் எடுத்தார்கள். ‘கரிய எருமைபோல் வெள்ளம்’ என்பது அதன் பெயர். கூற்றுவனின் ஊர்தி எது என்று அறிந்த தமிழருக்கு அப்பெயரின் அச்சத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. இன்று பெரிய இயக்குநர்களாக மதிக்கப்படுகிறவர்களின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கின்றன என்பதால் அதைப் பயிற்சி என்று சொல்லிவிடலாம். ஆனால் சேற்றில் புதைந்த தம் வீட்டு வாசலில் நின்று பேசுகிற ஒருவருக்கு, எதிரே காமிரா பிடித்திருப்பவர் நாளை யாராக வருவார் என்பது பொருட்டாக இருந்திருக்காது.

1989-இல் கம்யூனிஸ்ட் ஆட்சி வீழ்ந்த பிறகு அந்த ஸ்டுடியோக்கள் தளர்ந்தன, பணம் இல்லை. அப்போதும் குறும்படமே முதலில் எழுந்தது. 2004-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெர்லின் விழாவில் குறும்படத்துக்கான தங்கக் கரடியைக் கிறிஸ்தி புயுவின் படம் பெற்றது. கான் விழாவில் குறும்படத் தங்கப்பனையைக் கதலின் மிதுலெஸ்குவின் படம் பெற்றது. நான்கு ஆண்டு கழித்து, 2008-இல், மரியான் கிரிஷான் அதே தங்கப்பனையைப் பெற்றார். பிறந்தநாளன்று தாயோடு கிராமத்திலிருந்து புக்கரெஸ்டுக்கு வந்து, தந்தையைப் பார்க்க ஏங்கும் சிறுவனின் கதை அது. புயுவின் படத்தில் ஒரு தந்தை, ஓய்வூதியத்துக்கு இரண்டே ஆண்டு இருக்கும்போது வேலையை இழந்தவர், உணவகம் ஒன்றில் மகனைச் சந்தித்து வேலைக்குச் சிபாரிசு கேட்கிறார். கொடுக்க வேண்டிய கையூட்டு ஒரு பெட்டி கென்ட் சிகரெட்டும் ஒரு பொட்டலம் காப்பித் தூளும். ருமேனியாவில் 1980-களில் கென்ட் சிகரெட் பணத்துக்கு ஈடாகப் புழங்கியது என்பதை அறிந்தால், ஆட்சி மாறியும் மாறாதது எது என்பது விளங்கும். படம் பதின்மூன்று நிமிடமே. மகன் தந்தையைப் பார்க்கும் பார்வையில் இருக்கும் பொறுமையின்மையும் பரிவும் இன்னும் என்னை விட்டு நீங்கவில்லை. அதை ஒன்றரை மணி நேரமாக நீட்டியிருந்தால் கெட்டிருக்கும்.

இவற்றுள் என் நெஞ்சுக்கு மிக நெருங்கியது ராது ஜூதேயின் 2006-ஆம் ஆண்டுக் குறும்படம். 2007-இல் சண்டான்ஸ் விழாவில் பரிசு பெற்றது. கிராமத்துச் சிறுவன் ஒருவன் அன்றிரவு தொலைக்காட்சியில் புரூஸ் லீ படம் பார்க்க வேண்டும் என்று விடியுமுன் தந்தையை எழுப்புகிறான். வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி பழுது. மழையில், சேற்றில், அந்தப் பெரிய பெட்டியைத் தந்தையும் மகனும் சுமந்து நகரத்துக்குச் செல்கிறார்கள். இதைவிட வேறு கதை இல்லை. பேரன் கைப்பேசியில் இதை எனக்குக் காட்டியபோது நான் படத்தை இடையில் நிறுத்தச் சொன்னேன். ஏற்காட்டிலிருந்து சேலம் வரும் பேருந்தின் கடைசி இருக்கையில், போர்வையால் சுற்றிய தொலைக்காட்சிப் பெட்டியைக் குழந்தையைப்போல் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வளைவிலும் அதன் மேல் கவிழ்ந்து அணைத்துக்கொண்ட ஒரு தோட்டத் தொழிலாளியோடு நான் பயணம் செய்திருக்கிறேன். அவர் மகனும் அருகில் இருந்தான். அடிவாரம் வந்து சேரும்வரை அவன் அந்தப் பெட்டியின் மேலிருந்து கையை எடுக்கவே இல்லை.

ஆவணப்படத்தில் அண்மைக் காலத்தில் அவர்கள் செய்திருப்பது இதனினும் பெரிது. அன்கா தாமியான், போலந்துச் சிறையில் உண்ணாநோன்பிருந்து 2008-இல் இறந்த ருமேனியர் ஒருவரின் உண்மைக் கதையை 2011-இல் அனிமேஷனாகவே எடுத்தார். இறந்தவரே தம் கதையைச் சொல்வதுபோல் அமைந்த அப்படம் 2012-இல் அனிமேஷன் படங்களுக்கான அன்னெசி விழாவின் முதற்பரிசைப் பெற்றது. ஆந்த்ரே உஜிகா 2010-இல், 1989 வரை ஆண்ட சர்வாதிகாரி சௌஷெஸ்குவின் அரசு தன் புகழுக்காக எடுத்துக் குவித்த ஆயிரம் மணி நேரத்துக்கு மேற்பட்ட பழைய படச்சுருள்களிலிருந்து மூன்று மணி நேரப் படத்தைத் தொகுத்தார்; அதில் ஒரு வரி விளக்கவுரைகூட இல்லை. புகழ்வதற்கென்று எடுத்த காட்சிகளே வரிசை மாறியதும் குற்றப்பத்திரிகை ஆகிவிட்டன. உலகெங்கும் அலைந்து காந்தியடிகளின் படச்சுருள்களைத் திரட்டி 1940-இல் ஆவணப்படம் தந்த ஏ.கே. செட்டியாரின் மண்ணிலிருந்து எழுதுகிறேன். தேடித் திரட்டும் உழைப்பின் அருமை நமக்குத் தெரியாததன்று.

ராது ஜூதே 2017-இல் எடுத்த ஆவணப்படத்தில் அசையும் காட்சியே கிடையாது என்று சொல்லலாம். ஸ்லோபோசியா என்ற சிறு நகரில் கொஸ்திகா அக்சின்தே என்பவர் நடத்திய போட்டோ ஸ்டுடியோவின் கண்ணாடித் தகடுகளில் பதிந்த மணமக்களும் குழந்தைகளும் சிப்பாய்களும் ஒருவர் பின் ஒருவராகத் திரையில் வந்து நிற்கிறார்கள்; ஒலியில், எமில் தோரியான் என்ற யூத மருத்துவரின் நாட்குறிப்பு படிக்கப்படுகிறது. படத்தில் இருப்பவர்கள் சிரிக்கிறார்கள். நாட்குறிப்பில் யூதர்கள் கொல்லப்படுகிறார்கள். தகடுகள் பல இடங்களில் உரிந்து, முகங்கள் கறுப்பாகக் கரைந்திருக்கின்றன. சிறு நகரத்துப் போட்டோக்காரர் ஒருவரின் பழந்தகடுகள் ஒரு நாட்டின் மனசாட்சியாக மாறியதை நம் ஊர்ப் போட்டோ ஸ்டுடியோக்காரர்களின் வாரிசுகள் கவனிக்க வேண்டும்.

பத்திரிகை நடத்துகிற தாங்கள் கட்டாயம் பார்க்க வேண்டியது அலெக்சாண்டர் நனாவ் எடுத்த ஆவணப்படம். 2015 அக்டோபர் 30-ஆம் நாள் புக்கரெஸ்டில் ஓர் இசையரங்கில் தீப்பற்றியது; தீயில் இறந்தவர்களோடு முடியாமல், பிழைத்து மருத்துவமனையில் சேர்ந்தவர்களும் கிருமித் தொற்றால் அடுத்தடுத்து இறந்தார்கள். மருத்துவமனைகளுக்கு வழங்கப்பட்ட கிருமிநாசினி நீர்த்துப்போனது என்பதை வெளிக்கொணர்ந்தது ஒரு விளையாட்டு நாளிதழ். அந்தச் செய்தியாளர்களின் மேசைக்குப் பக்கத்தில் காமிராவோடு மாதக்கணக்கில் அமர்ந்திருந்து எடுத்த படம் 2021-இல் இரண்டு ஆஸ்கார் பிரிவுகளில் பரிந்துரை பெற்றது. கட்டுரையில் இதன் பெயர்கூட இல்லை.

இவ்வளவையும் சேலத்திலிருந்து எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் முகப்பு வளைவைத் தாண்டித்தான் ஒவ்வொரு முகாமுக்கும் என் ஜீப் மலையேறியது. டி.ஆர். சுந்தரம் உருவாக்கிய அந்த ஸ்டுடியோவில் நூற்றுக்கு மேற்பட்ட படங்கள் எடுக்கப்பட்டன. தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் 1956-இல் அங்கிருந்து வந்தது. சினிமா என்றால் சேலத்தார் நெஞ்சு நிமிர்வது இயல்பே. ஆனால் அதே நாற்பது ஐம்பது ஆண்டுகளில் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் கொலுசுக்குக் கம்பி இழுத்த கைகளையும், அம்மாபேட்டைத் தறிக்குழியில் மிதித்த கால்களையும், ஜவ்வரிசி ஆலை முற்றத்தில் வெயிலில் காய்ந்த மாவையும், சேர்வராயன் கோயில் குகைக்குள் குனிந்து நுழைந்த கூட்டத்தையும் பத்து நிமிடச் சுருளில் எடுத்து வைத்தோமா? யாரேனும் எடுத்திருந்தாலும் அதை வைத்துக் காத்தோமா?

நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகள் முன்பு, நான் வேலை பார்த்த அலுவலகத்தில் 16 மி.மீ. சுருள்கள் இனிப் பயன்படா என்று முடிவெடுத்து எடைக்குப் போட்டார்கள். கறுப்பு வெள்ளைப் படச்சுருளில் உருவமாக நிற்பது வெள்ளிதான் என்பது சேலத்து வியாபாரிகளுக்கு நன்றாகத் தெரியும். சுருளைக் கழுவி வெள்ளியைப் பிரித்தெடுப்பவர்கள் இருந்தார்கள். தராசில் ஏறிய பெட்டிகளில் எங்கள் துறையினர் மலைக்கிராமங்களில் எடுத்த சில சுருள்களும் இருந்தன. நான் தடுத்துச் சொன்னதை யாரும் கேட்கவில்லை. பள்ளி திறப்பு விழாவில் வரிசையாக நின்ற மலைச் சிறுவர்களின் முகங்கள் எந்த வீட்டுப் பெண்ணின் காலில் கொலுசாகக் கிடக்கின்றனவோ என்று எண்ணி நான் பல இரவுகள் வருந்தியிருக்கிறேன்.

ருமேனியாவிலும் சாஹியா ஸ்டுடியோவின் படங்கள் நெடுங்காலம் யாரும் திரும்பிப் பார்க்காமல் கிடந்தன. பிறகு ஆதினா பிரதேயானு என்ற ஆய்வாளர் அவற்றிலிருந்து தேர்ந்தெடுத்தவை டிவிடி தொகுப்புகளாக வெளிவந்தன. சிபியு நகரில் 1993 முதல் ஆவணப்படங்களுக்கென்றே ஒரு விழா நடந்துவருகிறது. அனிமேஷனுக்கென்று புக்கரெஸ்டில் 2006 முதல் மற்றொரு விழா நடக்கிறது. சிபியு தலைநகர் அன்று என்பதை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன்.

ஆகவே ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள்கள் இவை. ‘கைபழகிய களம்’ என்ற அந்த வாக்கியத்துக்கு ஒரு திருத்தம் வெளியிட வேண்டும். ருமேனியா 2007-இல் முழுநீளப் படத்துக்குத் தங்கப்பனை பெறுவதற்கு 50 ஆண்டு முன்னரே குறும்படத்துக்கு அதைப் பெற்றுவிட்டது என்ற ஒரு வரி போதும். வெள்ளிதோறும் புதுப்பட விமரிசனம் வரும் பக்கத்தில் கால் பத்தியேனும் குறும்படத்துக்கும் ஆவணப்படத்துக்கும் ஒதுக்கி, நம் மாவட்டத்து இளைஞர்கள் எடுக்கும் படங்களையும், ‘இதைக் காட்டி வாய்ப்புக் கேட்கப் போகிறார்’ என்ற முறையில் எழுதாமல், படத்தைப் படமாகவே பார்த்து எழுதச் செய்ய வேண்டும். தங்கள் சேலம் பதிப்பில் ஓர் அறிவிப்பும் வேண்டும்: வீட்டுப் பரணில், பழைய ஸ்டுடியோவில், பள்ளி ஆய்வகத்தில், தோட்டத்துப் பங்களாவில் 8 மி.மீ., 16 மி.மீ. சுருளோ கண்ணாடித் தகடோ வைத்திருப்பவர்கள் அதை எடைக்குப் போட வேண்டாம். தண்ணீர் விட்டுக் கழுவவும் வேண்டாம். புளித்த காடி வாடை வந்தால் அந்தச் சுருளை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரமில்லாத குளிர்ந்த இடத்தில் வைத்துவிட்டுத் தெரிந்தவர்களிடம் சொல்ல வேண்டும்.

தராசுக்குப் போகாமல் அன்று நான் கேட்டு வாங்கிவந்த மூன்று டப்பாக்கள் என்னிடம் இருக்கின்றன. ஒன்றின் மூடியில் ‘நாகலூர், பள்ளி’ என்று பென்சிலால் எழுதியிருக்கிறது. புரொஜெக்டரும் ஓடும் நிலையில் இருக்கிறது. விளக்கும் பெல்ட்டும் மட்டும் மாற்ற வேண்டும். சேலத்திலோ ஏற்காட்டிலோ எந்தப் பள்ளியோ நூலகமோ ஓர் அறையும் வெள்ளைச் சுவரும் தர முன்வந்தால், கோபோவின் சிறு மனிதனைக் கணினி வழியாகவும், நாகலூர்ப் பள்ளிச் சிறுவர்களை என் கையாலும் ஒரே மாலையில் காட்ட அணியமாக இருக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற புரொஜெக்டர் இயக்குநர்,
அஸ்தம்பட்டி, சேலம்.